ஒரு குடும்பம் தொடங்கிய அறக்கட்டளை

1968இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் லியோனோர் வெக்ஸ்லர் என்ற அம்மையாருக்கு ஹண்டிங்டன் நோய் இருப்பது தெரியவந்தது. அவருடைய தந்தையும் மூன்று சகோதரர்களும் அதே நோய்க்குப் பலியானவர்கள். கைகால்கள் கட்டுப்பாடின்றி ஆடும். பிறகு அறிவும் தடுமாறும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. லியோனோருக்கு ஆலிஸ், நான்சி என இரு மகள்கள்.

பிரிந்து போயிருந்த கணவர் மில்டன் ஓர் உளப்பகுப்பாய்வாளர். மகள்களின் கதியை எண்ணி அவர் ஓய்ந்துவிடவில்லை. இந்நோயால் 1967இல் இறந்த பாடகர் வுடி கத்ரியின் முன்னாள் மனைவி மார்ஜரி, நோயாளிக் குடும்பங்களை அப்போதே திரட்டிக்கொண்டிருந்தார். அவர் காட்டிய வழியில் இறங்கிய மில்டன், ஆராய்ச்சிக்கென்றே பரம்பரை நோய் அறக்கட்டளையை உருவாக்கினார்.

அதன் பணம் பெரிதல்ல. செலவிட்ட முறைதான் பெரிது. துறை துறையாகப் பிரிந்திருந்த இளம் விஞ்ஞானிகளை ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். எழுதிவந்த உரையை வாசிக்கக் கூடாது, மனத்தில் பட்டதைப் பேச வேண்டும். அவர்கள் முன் நோயாளி ஒருவரும் வந்து பேசுவார். புதிய யோசனைக்குச் சிறு தொகை உடனே கிடைக்கும்.

வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரையில் இந்நோய் தலைமுறை தலைமுறையாகப் பரவியிருந்ததை அந்நாட்டு மருத்துவர் அமெரிக்கோ நெக்ரெட்டே 1955இலேயே எழுதியிருந்தார். நான்சி ஆய்வுக்காக ஆண்டுதோறும் அங்கே போனார். அமெரிக்க அரசு நிதியும் சேர்ந்துகொண்டது. அந்த ஏழை மீனவக் குடும்பங்கள் தந்த ரத்த மாதிரிகளைக் கொண்டு 1983இல் ஜேம்ஸ் குசெல்லா குழுவினர் நோயின் தடயம் நான்காம் குரோமோசோமில் இருப்பதைக் கண்டார்கள். மரபணுவே கைக்குச் சிக்க மேலும் பத்தாண்டு ஆயிற்று. 1993இல் ஆறு குழுக்களைச் சேர்ந்த 58 பேர் ஒன்றாக அறிவித்தார்கள். என் பார்வையில், அறக்கட்டளைக்கு வந்த நன்கொடைகளில் தலையாயது அந்த மீனவர்களின் ரத்தம்தான். அவர்களுக்காக 1999இல் திறந்த பராமரிப்பு இல்லம் நிலைக்காமல் போனது இவ்வரலாற்றின் தீராத குறை.

திருவாரூர்க்காரருக்கு இவ்வகைக் கொடை புதிதல்ல. ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை, அன்னதானக் கட்டளை என்று தியாகராஜருக்கு நிலம் எழுதிவைத்தவர்கள், தங்கள் காலத்துக்குப் பிறகும் காரியம் நடக்க வேண்டும் என்றே எழுதினார்கள். ஆராய்ச்சிக்குத் தேவைப்படுவதும் அப்படிப்பட்ட பணம்தான்.

தண்டுவடத் தசைநார் நலிவு கண்ட குழந்தைகளின் 16 கோடி ரூபாய் மருந்துக்காகத் தமிழ்நாடே 2021இல் கைகொடுத்ததைப் பார்த்தோம். அந்த மருந்தின் ஆரம்ப ஆய்வுக்கும் நோயாளிக் குடும்பங்களின் சங்கங்கள் நிதி தந்திருந்தன. நம் கொடை இதுவரை பெரும்பாலும் கடைசிக் கட்டத்துக்கே போகிறது. முதல் கட்டத்துக்கும் போகட்டும்.

ஹண்டிங்டனுக்கு இன்னும் முழு குணம் இல்லை. தமக்கும் அந்நோய் இருப்பதை நான்சி 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். நம் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் இளம் ஆய்வாளர், டெல்டா கிராமங்களில் பரம்பரை நரம்பு நோயுள்ள குடும்பங்களை அவர்கள் சம்மதத்தோடு சந்தித்து, வம்சாவளியைக் குறித்து, மரபணு ஆலோசனைக்கு அனுப்பிவைக்கலாம். அவருடைய மூன்றாண்டு உதவித்தொகையை ஏற்க, இம்மலரைப் படிக்கும் வெளியூர்வாழ் திருவாரூர் அன்பர்கள் முன்வர வேண்டுகிறேன்.