செஞ்சிப் பறவை: மழைக்காடை

காடை என்பது தமிழும் மலையாளமும் பகிரும் சொல், மலையாளத்தில் ‘காட’. சங்கத் தமிழில் இதற்குக் குறும்பூழ், பூழ் என்று பெயர். குறும்பூழ்ப் போர் கலித்தொகையில் வருகிறது.

புல்வெளியிலும் வயலிலும் வாழும் சிறிய காடையான மழைக்காடையின் அறிவியல் பெயரில் தமிழ் நிலமே இருக்கிறது. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா 1782இல் வெளியிட்ட பயண நூலில் அதைச் ‘செஞ்சியின் சிறு காடை’ என்றார். அதை வைத்து ஜெர்மானியரான க்மெலின் 1789இல் ‘கோரமண்டெலிகா’ என்று பெயரிட்டார். கோரமண்டல் என்பது சோழமண்டலத்தின் திரிபு என்பதே பரவலான கருத்து. எவ்வளவு பெருமையான முகவரி!

மழைக்காலத்தில் ஆண் பறவை ‘விட்-விட்’ என இரட்டைக் குரலில் ஓயாமல் கூவும். மழைக்காடை என்ற பெயர் அதற்குப் பொருத்தம். ஆணின் மார்பில் கருந்திட்டு உண்டு. கூடு தரையில்தான், செடி மறைவில் ஒரு சிறு குழி. குஞ்சு பொரிக்க 16 முதல் 18 நாள்.

கடையில் விற்கும் பண்ணைக் காடை வேறு. அது ஜப்பானியக் காடை. காட்டுக் காடையைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வயலில் கண்ணி வைத்திருப்பதைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.