பிளெனிம் கேட்ட விலை

1892-ல் மார்ல்பரோவின் ஒன்பதாம் கோமகனாகப் பட்டத்துக்கு வந்தபோது சார்லஸ் ஸ்பென்சர்-சர்ச்சிலுக்கு 21 வயதுகூட நிரம்பவில்லை. தந்தை விட்டுச்சென்றது பெரிய பட்டம், அதைவிடப் பெரிய அரண்மனை. கையில் காசுதான் இல்லை.

1704-ல் பிளெனிம் போரில் பிரெஞ்சுப் படையை முறியடித்த முதல் கோமகனுக்கு நாடு தந்த பரிசு, ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே உட்ஸ்டாக்கில் உள்ள அந்த பிளெனிம் அரண்மனை. அதற்கு வாடகை, ஆண்டுக்கு ஒரு கொடி. வெற்றி நாளன்று அரசரிடம் சேர்ப்பித்தால் போதும். ஆனால் பராமரிப்புச் செலவு, தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தை அரித்தது. ஏழாம் கோமகன் காலத்தில் அரிய செதுக்கு மணிகளும் சண்டர்லண்ட் நூலகமும் விலைபோயின. எட்டாமவர் 1885-ல் ரஃபேலின் மடோனா ஓவியமொன்றை 70,000 பவுண்டுக்கு லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு விற்றார்.

ஒன்பதாமவர் கண்ட வழி, அமெரிக்கச் சம்பந்தம்.

நியூயார்க் ரயில்வே கோடீஸ்வரர் வாண்டர்பில்ட்டின் மகள் கான்சுவேலோவுக்கு அப்போது 18 வயது. அவள் மனதில் வேறொருவர் இருந்தார். தாய் ஆல்வா மகளை வீட்டுக்குள் அடைத்துவைத்தார். உன் பிடிவாதத்தால் என் உயிரே போய்விடும் என்று மிரட்டினார். 1895 நவம்பர் 6-ம் தேதி திருமணம் நடந்தது. மணநாள் காலையை அழுதே கழித்ததைக் கான்சுவேலோ பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். மாப்பிள்ளைக்குச் சீதனம், 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள்! அந்தப் பணத்தில்தான் பிளெனிம் புதுப்பொலிவு பெற்றது.

அரண்மனைக்குப் பணம் வந்தது. அடுத்து வாரிசு வேண்டுமே? அதுவரை பட்டத்துக்கு அடுத்த வரிசையில் நின்றவர், கோமகனின் சித்தப்பா மகன் வின்ஸ்டன் சர்ச்சில். அவர் கோமகனாவதைச் சகிக்க முடியாத பாட்டி, புதுமருமகளிடம் முதல் சந்திப்பிலேயே ஆண்பிள்ளை பெற்றுத் தரும்படி சொல்லிவிட்டார். 1897-ல் கான்சுவேலோ ஆண்மகவு ஈன்றார். கோமகனுக்கு ஆண்பிள்ளையே பிறக்காமல் இருந்திருந்தால், 1934-ல் கோமகன் இறந்தபோது வின்ஸ்டன் பட்டமேற்றுப் பிரபுக்கள் அவைக்குப் போயிருப்பார். 1940-ல் மக்களவையிலிருந்து பிரதமராகியிருக்க முடியாது.

தம்பதியர் 1906-ல் பிரிந்தார்கள், 1921-ல் விவாகரத்து. 1926-ல் திருச்சபை திருமணமே செல்லாது என்றபோது, மகளைக் கட்டாயப்படுத்தியது தான்தான் என்று சாட்சி சொன்னவர் ஆல்வாவேதான்.

பிளெனிமின் வரலாற்றில் முதல் கோமகனுக்கு அடுத்த இடம், ஒன்பதாமவருக்கு அல்ல, கான்சுவேலோவுக்கே உரியது.