தூளி கட்டிய இடம்

கீழத்தஞ்சையில் ஆண்டை வீட்டு உள்ளறையில் தேக்குத் தொட்டில், கிலுகிலுப்பை. சேரியில் அம்மாவோட பழைய சேலைதான். ராத்திரி குடிசை விட்டத்தில் தூளி. விடிஞ்சா அதே சேலை வரப்போரப் பூவரசங்கிளையில். பிள்ளை வீறிட்டாலும் நடவுக்காரி நெனச்சப்ப கரையேற முடியாது.

1948 தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்த ஆலையில் அவர்கள் பிள்ளைகளுக்குத் தனி அறை கேட்டது. 1951இல் தேயிலைத் தோட்டங்களுக்கும் அப்படியொரு சட்டம்: வெளிச்சம், காற்றோட்டம், பிள்ளை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண். இரண்டும் நெல்வயலுக்கு வரவில்லை. ஆலையில் ஆள்கணக்கு உண்டு. மிராசுதார் நடவுக்காரி பேரை எந்த ஏட்டில் எழுதினான்?

எங்க அப்பாயி பெத்த பிள்ளைகளெல்லாம் பூவரசு நிழலில் வளர்ந்ததுங்கதான். தூளியை ஆட்டப் பெரியத்தையைக் கூட்டிப்போகுமாம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்காக அந்த அறை என்றன சட்டங்கள். அத்தைக்கு அப்போ அஞ்சு வயசு.