ஐந்தாவது பங்கு

நான்கு சகோதரர்கள் சொத்தைப் பாகம் பிரித்துக் கொண்டால் எத்தனை பங்கு போட வேண்டும்? நான்கு என்பது கணக்கு வாத்தியாரின் விடை. 1926-ஆம் ஆண்டில், கோயமுத்தூரை அடுத்த பீளமேட்டில் ஐந்து என்று விடை கண்டார்கள். பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் குமாரர்கள் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து சம பாகமாக்கி, ஐந்தாவதைத் தர்மத்துக்கென்று எழுதி வைத்தார்கள். அந்தப் பங்கிலிருந்து முதலில் ஒரு தொழிற்பள்ளியும், 1951-இல் ஒரு பொறியியற் கல்லூரியும் பிறந்தன.

ஆராய்ச்சி நிலையங்களைப் பற்றி எழுத வந்தவன் பாகப் பிரிவினையில் ஆரம்பிக்கிறானே என்று நேயர்கள் எண்ண வேண்டாம். சர்வகலாசாலை ஒன்றில் புதிய ஆராய்ச்சி நிலையம் என்றவுடன் அஸ்திவாரக் கல்லும், மந்திரியும், மாலையும் பலருக்கு நினைவு வரும். எனக்கு அந்த ஐந்தாவது பங்குதான் நினைவு வருகிறது. கல் நடுவது ஒரு நாள் வேலை. தமக்கு உடனே பயன்படாத காரியத்துக்கு ஆண்டுதோறும் யார் பங்கு ஒதுக்குவது என்பதல்லவா கேள்வி?

1932-இல் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்தது. கோவையில் நூற்பாலைகள் பெருகின. கூடவே சங்கடங்களும் பெருகின. நூல் ஏன் அறுகிறது? பஞ்சில் எவ்வளவு கழிவாகப் போகலாம்? ஒரு தொழிலாளி எத்தனை கதிர்களைக் கவனிக்க முடியும்? தனியொரு ஆலை இதற்கெல்லாம் விஞ்ஞானிகளை அமர்த்திச் சம்பளம் கொடுத்துக் கட்டாது. எல்லோரும் சேர்ந்து கொடுத்தால் கட்டும்.

முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்துக்காரர்கள் கண்ட வழி இது. தொழிலதிபர்கள் கூடிச் சந்தா கொடுக்க, சர்க்கார் தன் பங்கையும் சேர்த்தது. பருத்திக்காக மான்செஸ்டர் அருகே 1922-இல் திறந்த நிலையத்துக்கு ஷெர்லி என்று பெயர். பெரிய நன்கொடை கொடுத்த ஒருவருடைய மகளின் பெயர் அது. 1947-இல் ஆமதாபாத்தில் விக்ரம் சாராபாய் முன்னின்று 'அட்டிரா'வை உருவாக்கினார். 1956-இல் கோவை அவிநாசி சாலையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமாகிய 'சிட்ரா' தோன்றியது. அதன் முதல் டைரக்டர் கஸ்தூரி சீனிவாசன் நாவலும் எழுதியவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஜாதி அபிமானம் உண்டு. எழுத்தாளர் ஜாதியைச் சொல்கிறேன்!

சிட்ரா செய்த காரியங்களில் என்னைக் கவர்ந்தது ஒன்று. பக்கத்து ஆலைக்காரரிடம் வாய் திறவாத முதலாளிகள் தங்கள் உற்பத்திக் கணக்கை இந்தப் பொது நிலையத்திடம் கொடுத்தார்கள். அது எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இந்த நூலுக்கு இவ்வளவு உற்பத்தி, இவ்வளவு ஆள் என்று அளவுகோல் வகுத்துக் கொடுத்தது. யந்திரத்தை விலைக்கு வாங்கலாம். இந்த நம்பிக்கையை வாங்க முடியுமா?

அதே சாலையில் கிழக்கே சென்று, அவிநாசியில் தெற்கே திரும்பினால் திருப்பூர். அங்கே கதை வேறு. ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். பின்னுவது ஓரிடம், சாயம் ஓரிடம், வெட்டுவது, தைப்பது, அயர்ன் போடுவது ஒவ்வொன்றும் ஓரிடம். சிறு கைகள் பல சேர்ந்து கட்டிய ஊர் அது. அதுவே அதன் பலம். ஆனால் எல்லோருக்கும் பொதுவான கஷ்டம் அங்கே யாருடைய கஷ்டமும் அல்ல என்றாகி விடுவதும் உண்டு.

உப்புதான் அந்தக் கஷ்டம். பருத்தித் துணியும் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். உப்பு போட்டால்தான் சாயம் துணியை அண்டும். லிட்டருக்கு நாற்பது, ஐம்பது கிராம், அடர்ந்த நிறத்துக்கு இன்னும் அதிகம். சாயம் துணியோடு கடல் கடந்து போய்விடும். உப்பு இங்கேயே தங்கிவிடும். 1990-களின் கடைசியில் அமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைப் போக்கின; கரைந்த உப்பைப் போக்கவில்லை. நொய்யலின் குறுக்கே 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தொட்டியாயிற்று.

அந்த அணைக்கரையில் ஒரு விவசாயப் பெரியவரைச் சந்தித்தேன்.

"நிறம் போனதும் தண்ணி நல்லாயிடவில்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க, சாயம் கண்ணுக்குத் தெரியுமுங்க. உப்புத் தெரியுமுங்களா? அதைத் தென்னமரந்தானுங்க வந்து சொல்லோணும். அது சொல்றப்பவே காய் நின்னுபோச்சுங்க" என்றார் அவர்.

விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவினால் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. அதன் பிறகு திருப்பூர் செய்து காட்டியதை மனமாரப் பாராட்ட வேண்டும். கழிவு நீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரித்தார்கள். மிஞ்சிய உப்புக் கரைசலை மீண்டும் சாயமிடவே பயன்படுத்தக் கற்றார்கள். ஒரு சொட்டும் ஆற்றில் விடாத முறை நடைமுறைக்கு வந்தது. ஆனால் தொழில் வளர்ந்த வேகத்தில் விடை வளராமல், கதவு பூட்டிய பின்பு ஓடி வந்தது. இடையில் வேலையிழந்தவன் கூலியையும் காய்ந்த தோப்பையும் யார் திருப்பிக் கொடுப்பது?

நூலுக்கு ஆராய்ச்சி கிடைத்தது. நூலால் லாபம் பெறுகிறவர் சந்தா கட்டினார். உப்பால் நஷ்டப்பட்டது நொய்யல். அது எந்தச் சங்கத்திலும் அங்கத்தினர் அல்லவே!

இப்போதும் புதிய நிலையங்கள் வருகின்றன. மருத்துவத் துணிகளுக்கு சிட்ராவிலும், தொழில்துறைத் துணிகளுக்கு அந்தப் பீளமேட்டுக் கல்லூரியிலும் மத்திய சர்க்கார் உதவியுடன் சிறப்பு மையங்கள் அமைந்திருக்கின்றன. சந்தோஷம். இனித் திட்டமிடுகிறவர்களிடம் நான் வேண்டுவது கொஞ்சம்தான். கட்டடத்துக்குக் காட்டும் அக்கறையைப் பத்தாம் ஆண்டுச் சம்பளத்துக்கும் காட்டுங்கள். சந்தா கட்டுகிறவரின் கேள்வியோடு, கட்ட முடியாதவரின் கேள்வியையும் எழுதிக் கொள்ளுங்கள். நிர்வாக சபையில் ஒரு நாற்காலியை அந்தத் தென்னந்தோப்புப் பெரியவருக்குப் போடுங்கள்.

நால்வர் பிரித்துக் கொள்ளும்போது அங்கே இல்லாத ஒருவருக்காக ஒதுக்கியதுதானே அந்த ஐந்தாவது பங்கு?