கூம்பு ஒலிபெருக்கிக் காப்புப்பெட்டி

'''கூம்பு ஒலிபெருக்கிக் காப்புப்பெட்டி''' என்பது கூம்பு வடிவ ஒலிபெருக்கியை மழை, வெயில், அடி ஆகியவற்றிலிருந்து காக்கும் மரக்கூடு ஆகும். உலோகக் கூம்பின் சுவர் ஒலியுடன் சேர்ந்து அதிர்ந்து கணகணக்கும். பெட்டியில் இடும் அதிர்வடக்கிகள் இதனைக் குறைக்கின்றன.

== மரம் ==

திருநின்றவூர் உள்ளிட்ட வடதமிழகப் பகுதிகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கின்றது. ஆகவே வெளியில் வைக்கும் பெட்டிக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 710-இற்கு உட்பட்ட, நீர் தாங்கும் பிளைவுட் (ஒட்டுப்பலகை) ஏற்றது. எம்.டி.எஃப். பலகை சீரான அடர்த்தி உடையது. எனினும் ஈரத்தில் உப்பிவிடும். எப்பலகையாயினும் வெட்டிய விளிம்புகளுக்கு வண்ணம் பூசுதல் வேண்டும்.

== அதிர்வடக்கிகள் ==

கூம்பின் வெளிப்புறத்தில் பிட்டுமன் தாளும், உலோகம் மரத்தைத் தொடும் இடங்களில் ரப்பர் வளையமும் பயன்படுகின்றன. கூம்பின் உட்புறத்தில் பஞ்சு முதலியவற்றை அடைத்தல் கூடாது. அவை உயர் அதிர்வெண் ஒலியை உறிஞ்சுவதால் பேச்சு தெளிவற்றுப் போகும்.