தாய்ப்பன்றித் தடுப்பூசி

பிறந்த பன்றிக்குட்டிகளை வைரஸ் கழிச்சலிலிருந்து காக்க, குட்டிக்குப் போடாமல் சினைப்பன்றிக்குப் போடப்படும் தடுப்பூசி. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் சீம்பால் வழியாகவும் பால் வழியாகவும் குட்டியை அடைகின்றன.

மனிதக் குழந்தை தாயின் எதிர்ப்பொருள்களை வயிற்றிலிருக்கும்போதே பெற்றுவிடுகிறது. பன்றி, ஆடு, மாடு ஆகியவற்றின் நஞ்சுக்கொடி எதிர்ப்பொருள்களைக் கருவுக்குள் விடுவதில்லை. பன்றிக்குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பாலிலுள்ள எதிர்ப்பொருளை அதன் குடல் அப்படியே இரத்தத்துக்குள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் அந்த வழி அடைபட்டுவிடும். ஈற்றில் கடைசியாக வந்த குட்டியும் மெலிந்த குட்டியும் காம்புக்கு முண்ட முடியாமல் நிற்கும் முதல் நாள்தான் பண்ணையாளர் கண்விழிக்க வேண்டிய நாள்.

இளங்குட்டிக் கழிச்சலுக்கு முக்கியக் காரணிகள் மூன்று. பரவும் இரைப்பைக் குடல் அழற்சி 1946இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. பன்றிக் கொள்ளைக் கழிச்சல் 1971இல் இங்கிலாந்தில் முதலில் தென்பட்டது. அதன் வைரஸ் 1978இல் பெல்ஜியத்தில் அடையாளம் காணப்பட்டது. இவ்விரண்டும் கொரோனா வைரஸ் இனத்தவை. மூன்றாவது, ரோட்டா வைரஸ். கொள்ளைக் கழிச்சல் 2013இல் அமெரிக்காவுக்குள் நுழைந்து ஓராண்டில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டிகளைக் கொன்றது. மூன்றுமே சிறுகுடலின் உறிஞ்சிகளைத் தேய்த்துவிடுகின்றன. குடித்த பால் செரிக்காமல் தண்ணீராக வெளியேற, குட்டி நீரிழந்து சாகிறது. கொரோனா வைரஸ் தாக்கிய முதல் வாரக் குட்டிகள் பிழைப்பது அரிது.

தாய்க்கு ஊசி போடும் முறை வைரஸ் கழிச்சலில் ஏன் சிக்கலாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது நன்றாக வேலை செய்யும் ஒரு நோயைப் பார்ப்பது நல்லது. இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்திலுள்ள சாயல்குடிப் பக்கம் செம்மறியாடு வளர்ப்போர் துள்ளுமாரியை அறிவார்கள். மழைக்குப் பின் தளதளவென முளைத்த புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆடு திடீரெனத் துள்ளி விழுந்து சாகும். கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்ஜென்ஸ் டி வகைப் பாக்டீரியா குடலில் பெருகி, அதன் நச்சு இரத்தத்தில் கலப்பதே காரணம். குட்டி ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு தாயாட்டுக்கு ஊசி போட்டால், சீம்பால் வழியாகக் குட்டியின் இரத்தத்துக்குப் போகும் எதிர்ப்பொருள் நச்சை அங்கேயே முறித்துவிடும். இந்தத் தடுப்பூசியை, 1932இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது.

வைரஸ் கழிச்சலின் கணக்கு வேறு. வைரஸ் இரத்தத்துக்குப் போவதற்குக் காத்திருப்பதில்லை. குடல் சுவரிலேயே வேலையை முடித்துவிடுகிறது. இரத்தத்தில் எவ்வளவு எதிர்ப்பொருள் இருந்தாலும் குடலின் உட்புறம் காவலின்றிக் கிடக்கும். அங்கே வேண்டியது ஐஜிஏ (IgA) வகை எதிர்ப்பொருள். சீம்பாலில் மிகுந்திருப்பது தாயின் இரத்தத்திலிருந்து வந்த ஐஜிஜி (IgG) வகை; இரண்டு மூன்று நாளில் அது குறைந்து, பாலில் ஐஜிஏ மேலோங்குகிறது. குட்டி ஒவ்வொரு முறை பால் குடிக்கும்போதும் இது குடலைப் பூசிச் செல்கிறது. பால் நின்றால் காவலும் நின்றுவிடும்.

இந்த ஐஜிஏவைச் சுரக்கும் செல்கள் மடிக்கு வந்து சேர்வது தாயின் குடலிலிருந்து. எனவே தாயின் குடல் அந்த வைரஸை ஒருமுறையாவது சந்தித்திருக்க வேண்டும். இந்தக் குடல்–மடித் தொடர்பை 1970களில் அமெரிக்காவின் ஒஹையோவில் லிண்டா சைஃப், போல் (Bohl) உள்ளிட்ட ஆய்வாளர்கள் துலக்கினர். தசையில் போடும் ஊசி, முன்பே தொற்றுக்குள்ளான பன்றியின் பழைய நினைவைக் கிளறிவிடும். நோயையே காணாத தலையீற்றுப் பன்றியில் அது ஐஜிஜியைத்தான் பெரும்பாலும் உயர்த்துகிறது. குட்டிகளுக்கு அரைகுறைக் காவலே மிஞ்சுகிறது. இந்தத் தடுப்பூசிகளின் பலன் பண்ணைக்குப் பண்ணை மாறுவதற்கு மருந்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

அதனால் வீரியம் குறைத்த உயிர் வைரஸை முதலில் வாய்வழி கொடுத்து, பிறகு ஊசியால் ஊக்குவிக்கும் முறை பின்பற்றப்படுகிறது. பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். ஈனுவதற்கு ஐந்து வாரமும் இரண்டு வாரமும் முன்பாக ஊசி போடுவது வழக்கமான ஏற்பாடு.

தடுப்பூசி கிடைக்காத இடங்களில், கழிச்சலில் இறந்த குட்டிகளின் குடலை அரைத்துச் சினைப்பன்றிகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுப்பதுண்டு. கேட்க அருவருப்பாக இருந்தாலும் தாயின் குடலைத் தட்டியெழுப்புவதில் இது பலனளிக்கிறது. ஆனால் குடலோடு வேறு நோய்க்கிருமிகளும் சேர்ந்தே போகும். 2020இல் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் நுழைந்த பிறகு இந்தியப் பண்ணைகளில் இதைச் செய்வது பெரும் ஆபத்து.

தாய் தந்த எதிர்ப்பொருள், பின்னாளில் குட்டிக்குப் போடும் ஊசியையும் முறித்துவிடக்கூடும். துள்ளுமாரிக்கு இந்தியாவில் புழங்கும் அட்டவணை இதைக் கணக்கில் கொள்கிறது: தாய்க்கு ஊசி போட்டிருந்தால் குட்டிக்கு நான்காம் மாதத்தில், போடவில்லையென்றால் பிறந்த முதல் வாரத்திலேயே.