கைவிடப்பட்ட எழுத்துருக்களும் கிர்க்கிச் சரித்திரமும்

காலமான நண்பர் ஒருவரின் மனைவியார் சென்ற ஆண்டு ஒரு பிஸ்கட் டப்பாவைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பதினொரு பிளாப்பிகள். "அண்ணே, அவர் எழுதின கிர்க்கித் தமிழர் சரித்திரம் இதுலதான் இருக்கு. அச்சுக்குப் போகவே இல்ல. எப்படியாவது எடுத்துக் கொடுங்க" என்றார். கிர்க்கி என்பது ஆங்கிலேயர் வழக்கு, இப்போது கட்கி. 1869இல் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை ஏற்பட்டது. அதையும் ராணுவக் குடியிருப்பையும் அண்டிவந்த நம்மவர்களைப் பற்றி நண்பர் பத்து வருஷம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவர். அவரிடம் பேசிய பெரியவர்களில் இன்று ஒருவரும் உயிரோடில்லை.

புதவார்ப் பேட்டையில் பிளாப்பி படிக்கும் கருவி ஒன்று வாங்கினேன். எட்டுத் தட்டுகள் படித்தன. மூன்று பூசணம் பிடித்துப் போயிருந்தன. கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் கொம்பும் கோடுமாக ஏதோ குப்பை. நண்பர் 1995இல் வாங்கிய தமிழ் மென்பொருளின் தட்டும் டப்பாவில் இருந்தது. அது புதுக் கணினியில் ஏறவே மறுத்துவிட்டது.

ஏன் மறுக்கிறது என்று தேடப்போய்த்தான் இந்தச் சரித்திரத்துக்குள் நுழைந்தேன். அக்காலத்து விண்டோஸ் நிரல்களில் பெரும்பாலானவை 16 பிட் கணக்கில் எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸில் அவை ஓடா. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. போதாக்குறைக்கு, திருட்டுப் பிரதி எடுக்காமலிருக்க அந்நாளில் பல நிறுவனங்கள் ஒரு பூட்டுக் கட்டையைக் கொடுக்கும். பிரிண்டர் செருகும் துளையில் அதைச் செருகினால்தான் நிரல் ஓடும். கட்டை தொலைந்துபோயிற்று. இருந்தாலும் செருகத் துளையுள்ள கணினி இன்று கடையில் இல்லை. விற்ற நிறுவனமும் மூடிவிட்டது. பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கணினித் தமிழின் தொடக்கம் பெருமைக்குரியதுதான். 1984இல் கனடாவில் முனைவர் சீனிவாசன் 'ஆதமி'யைச் செய்தார். 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' கண்டார். நம் புணேயிலேயே சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் அட்டையைக் கொடுத்தது. கணினிக்குள் அதைச் செருகினால் டாஸ் திரையில் இந்திய மொழிகள் வரும். ஆனால் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுத்துகளை அறை பிரித்து அடுக்கினார்கள். ஆங்கில 'ஜே' இருக்கும் அறையில் 'பாமினி'க்காரர் தகரத்தை வைத்தார். ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாகத் தட்டினால் பாமினியில் 'தமிழ்' என்று தெரியும். வேறு எழுத்துருவில் அதே ஐந்தும் வேறு ஏதோ. கோப்பில் இருப்பது தகரமல்ல, ஜே என்னும் எண்தான். அதைத் தகரமாகக் காட்டுவது எழுத்துரு. எழுத்துரு போனால் தமிழும் போயிற்று.

இதைச் சீர்செய்ய முயற்சி இல்லாமலில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. அயல்நாட்டு அன்பர்கள் வளர்த்த 'டிஸ்கி' இன்னொரு பக்கம். ஆக, ஒரு தரத்துக்கு மூன்று தரம்! 1991லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் அது எட்டிப் பார்த்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. கூடவே டேஸ்16 என்று இன்னொன்றையும் அறிவித்தது. இடைப்பட்ட பதினைந்து இருபது வருஷத்தில் தட்டச்சு செய்தவையெல்லாம் அந்தந்த எழுத்துருவோடு கட்டுண்டு கிடக்கின்றன.

ஓலைச்சுவடிக்கும் இந்தச் சங்கடம் உண்டு. சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகாரத்துக்குக் கொம்பு ஒன்றுதான். நூலறிவு உள்ளவனே சரியாகப் படிப்பான். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்பிட்டதும், கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டதும் இதனால்தானே. பிரதி ஒப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கமும்கூட. அதே வழியில் இறங்கினேன்.

பாமினி போன்ற பெயர்பெற்ற எழுத்துருக்களுக்கு மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. நண்பருடையது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நம் சங்கத்தின் 1996 மலரில் அவர் கட்டுரை ஒன்று பத்துப் பக்கம் வந்திருந்தது. அதன் கோப்பு மூன்றாவது தட்டில் இருந்தது. அச்சுப் பக்கத்தை இடப்பக்கமும் குப்பையை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று பேரேட்டில் கட்டம் போட்டு எழுதினேன். ராத்திரி கடை அடைத்தபின் ஒரு மணி நேரம்; நாற்பது நாள் ஆயிற்று. 'கொ' என்பதற்குக் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசி என்று மூன்று அறை. யூனிகோடில் ககரம்தான் முதலில் வரும். ஆகவே வெறுமனே எழுத்தை மாற்றினால் போதாது, இடமும் மாற்ற வேண்டும். அதைத் தம்பி மகன் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தான். முதல் பக்கம் தமிழாகத் திரையில் வந்தபோது, இரவு பதினொன்று என்பதையும் மறந்து அந்த அம்மாளுக்குப் போன் போட்டுவிட்டேன்.

எட்டுத் தட்டில் நூற்றுப் பதினான்கு பக்கம் கிடைத்தது. இந்த மலருக்கு அதில் முதல் இயலைக் கொடுத்திருக்கிறோம். அதில் ஓரிடத்தில் மட்டும் கேள்விக்குறி இருக்கும். கிர்க்கிக்கு ஆள் சேர்த்து வந்த ஒரு மேஸ்திரியின் சொந்த ஊர் அது: 'பா', அதன்பின் ஓர் அறை, பிறகு 'ர்'. நெடில் உகர எழுத்துகளுக்கு அந்த எழுத்துருவில் தனித்தனி அறை. 1996 கட்டுரையில் லூவும் இல்லை, வூவும் இல்லை. அதனால் பாலூரா, பாவூரா என்று தீர்க்க முடியவில்லை. ஒன்று கடலூர்ப் பக்கம், மற்றது திருநெல்வேலிப் பக்கம். மேஸ்திரியின் வழியில் வந்தவர்கள் நம் சங்கத்தில் இருந்தால் பொறுப்பாளர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவும்.